வழி உடுங்க

நான் எத்தனையோ ஓட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் வந்து, "ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தவர் அந்த அக்கா ஒருவர்தான்.

அப்போது நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் கோடு போடும் ஆளாக இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு நானும் எனக்குப் பள்ளிக்கூடமும் வேண்டாமென்று ஆகிவிட்டது. லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, அந்தியூர்ச் சந்தையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை, கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பது என்று சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தேன். சுண்ணாம்புப் பொடியைத் தள்ளுவண்டியில் போட்டு வட்டமாகக் கோடு இழுக்க வேண்டும், நெருஞ்சி முளைத்தால் பிடுங்க வேண்டும், தடை ஓட்டக் கட்டைகளை எடுத்து அடுக்க வேண்டும். அந்தக் கட்டைகள் இருந்த அறையிலேயே படுத்துக்கொள்ளலாம். கூரை இருந்தது, மின்விசிறி இல்லை. அதற்கு முந்தைய இடத்தில் இரண்டுமே இல்லை.

காலையில் மைதானத்தை ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். கை வீசி நடப்பவர்கள், அரசியல் பேசி நடப்பவர்கள், டாக்டர் சொன்னதற்காக மட்டும் நடப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் அக்காவும் நடந்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை. அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு ஷிப்டு முழுக்க மிஷினுக்கு மிஷின் நடந்துகொண்டே இருக்கிற வேலை அது. அந்த மில்லை மூடியதும் பனியன் கம்பெனியில் உட்கார்ந்து செக்கிங் பார்க்கப் போனாராம். "உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போச்சுங்க தம்பி, அதான் இங்க வந்து நடக்கறேன்" என்றார் என்னிடம்.

ஒருநாள் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று ஓட ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை, எதுவும் நடக்கவில்லை. கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். இரண்டு சுற்று ஓடி என் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கோடு புதுசா இருந்துதுங்களா, நடந்தா மரியாதையா இருக்காதுன்னு ஓடிப்போட்டனுங்க" என்றார்.

அவர் அப்படித்தான் பேசுவார். நாய்க்கும் அவர் வாயில் ‘ங்க’ உண்டு. கால்வலித் தைலத்தின் மூடி இறுகிக்கொண்டால், "சித்த தொறங்க" என்று அதனிடம் கேட்டுத்தான் திருகுவார்.

அந்த மைதானத்தில் வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். பயிற்சியாளருக்கான டிப்ளமோ படித்தவர். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கழுத்தில் விசில், கையில் போன். அக்கா ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து, "ஆன்ட்டி, நீங்க முன்னாடி ட்ராக்ல ஓடியிருக்கீங்களா? கை ஆடற விதமே சொல்லுது" என்று கேட்டார். அக்கா வெட்கப்பட்டார். "ஸ்கூல்லீங்க. அது ஆச்சு ஒரு காலம்."

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ‘கோச்சு கண்ணு’ என்று பெயராகிவிட்டது. கொஞ்ச நாளில் நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்து, பிறகு ‘கண்ணு’வை விட்டுவிட்டேன்.

கோச்சு சொன்ன முதல் பாடமே அக்காவைக் கவிழ்த்துவிட்டது. "மெதுவா ஓடுங்க ஆன்ட்டி. பேசிட்டே ஓட முடியற அளவு மெதுவா. பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

அக்கா நின்றேவிட்டார். "ஓடறப்பப் பேசலாமுங்களா?"

"பேசணும் ஆன்ட்டி."

"எங்க டிரில் மாஸ்டரு வாயத் தொறந்தா பெரம்ப எடுத்துருவாருங்க கண்ணு. பேசுனா காத்து போயிரும், காத்து போனா சைக்கிள் டியூப்பாட்ட உக்காந்துருவீங்கன்னு சொல்லுவாரு."

"அது அந்தக் காலம். இப்ப ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க."

"எனக்காகவே கண்டுபுடிச்சாங்களாட்ட இருக்குது" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அந்த மைதானம் மைதானமாகவே இல்லை. மகள் பிரசவம், மருமகனின் ஊரில் தண்ணீர் வராத கதை, காரமடைத் தேரில் செருப்புத் தொலைந்தது, மில்லில் ஒரு மேஸ்திரி தன் பல்செட்டைப் பஞ்சுக்குள் தொலைத்துவிட்டு ஷிப்டு முழுக்க எல்லோரையும் தேடவிட்டது எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே சொல்வார். கூட ஓடுகிறவர்கள் சிரித்துச் சிரித்து மூச்சு விட முடியாமல் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். அக்கா மட்டும் கதை முடிகிறவரை ஓடுவார். கதை பெரிதாக இருந்தால் ஓட்டமும் பெரிதாகும். அவர் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்பதைக் கோச்சு கதையின் அளவில் சொல்லப் பழகிக்கொண்டார். "இன்னைக்கு ஒரு கல்யாணக் கதை போதும் ஆன்ட்டி, நாளைக்குக் கோர்ட்டு கேஸு."

தண்ணீர் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அக்கா படித்த காலத்தில் பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. வயிறு பானை மாதிரிக் குலுங்கும், நெஞ்சை அடைக்கும் என்பார்களாம். வாய்க்கால் மேட்டில் வெறுங்காலில் ஓடிவிட்டு வந்தால் வாய் கொப்பளிக்க மட்டும் ஒரு கை தண்ணீர் தருவார்கள். "கொப்பளிக்கற சாக்குல பாதிய முழுங்கிப்போடுவனுங்க" என்று அக்கா சொன்னார். "மாஸ்டரு தொண்டையவே பாத்துட்டு நிப்பாரு. தொண்டை அசையாம முழுங்கறதுக்குத் தனியாப் பழகோணும். ஓடப் பழகுனத விட அதுக்குத்தான் நாளாச்சு." பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவது, குளுக்கோஸ் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்குவது, கால் வலித்தால் இன்னும் நான்கு சுற்று ஓடி வலியை விரட்டுவது இவையெல்லாம் அவர்கள் கற்ற பாடங்கள். முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மாஸ்டர் பொல்லாதவர் இல்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்று அக்கா சொல்வார்.

கோச்சு பாட்டிலை நீட்டி, "கால் மணிக்கு ஒரு தடவை குடிங்க" என்றால், அக்கா வாங்கி ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதுவும் தொண்டை அசையாமல்.

"யாரைப் பாக்கறீங்க ஆன்ட்டி?"

"பழக்கமுங்க."

ஓய்வு நாள் என்ற ஒன்றைப் புரியவைக்கத்தான் கோச்சு மிகவும் கஷ்டப்பட்டார். வாரத்தில் ஒருநாள் ஓடக் கூடாது, கால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் நாள் அது என்று படம் வரைந்தெல்லாம் காட்டினார். அக்கா எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க" என்பார். மறுநாள் வந்தால் கால் பிடித்திருக்கும்.

"நேத்து ரெஸ்டு எடுத்தீங்களா இல்லையா?"

"எடுத்தனுங்க கண்ணு. ஓடவே இல்ல. மொட்டை மாடித் தொட்டிய எறங்கிக் கழுவுனேன், ரேசன் அரிசி கொண்டாந்தேன், எதுத்த ஊட்டுல விசேசம், மாவாட்டிக் குடுத்தேன். மத்தபடி சும்மாத்தான் இருந்தனுங்க."

கோச்சு என்னைப் பார்ப்பார். நான் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

பிறகு அந்தக் கைக்கடிகாரம் வந்தது. நெஞ்சு எவ்வளவு துடிக்கிறது என்று எண்ணி, அளவு மீறினால் கீச் என்று கத்தும். கோச்சு தன்னுடையதையே அக்காவின் கையில் கட்டிவிட்டார். அது கத்தினால் அக்கா மணிக்கட்டைப் பார்த்து, "சரிங்க, சரிங்க, கொறைச்சுக்கறேன்" என்பார்.

"அது மிஷினு ஆன்ட்டி. அதுக்கு எதுக்கு ங்க?"

"நம்ம நெஞ்சத் தொட்டு எண்ணறது. மரியாதையில்லாமப் பேசுனா தப்பா எண்ணிப்போடுச்சுன்னா?"

அக்காவின் வீட்டுக்காரர் பம்புசெட் பவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மொபெட்டில் அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பார்வையாளர் படிக்கட்டில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருப்பார். ஓட்டத்துக்கு முன் கோச்சு சொல்லித் தரும் உடல் சூடேற்றும் பயிற்சிகளை, முழங்காலைத் தூக்கித் தூக்கிக் குதிப்பதும் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஓடுவதுமாக, அக்கா தங்கள் லைன் வீட்டு வாசலிலும் செய்வாராம். பக்கத்து வீட்டு அம்மா வந்து வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்கண்ணா, அக்காளுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா? நம்ம மாரியம்மன் கோயல்ல மந்திரிக்கறாங்க" என்று கேட்டாராம். "இல்லீங்க, இப்ப இப்புடித்தான் ஓடறாங்களாம்னு சொல்லிப்போட்டேன்" என்றார் அவர் என்னிடம். சிரிக்கவில்லை. ஆனால் பிளாஸ்க் ஆடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் வைத்து அக்கா பொழுதுபோக்குக்கு ஓடினார் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவருக்கு ஒன்று வேண்டியிருந்தது.

பத்தாவது படிக்கும்போது மாநில அளவில் ஓடி, வடக்கே எங்கோ நடக்க இருந்த பெரிய போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ரயிலில் நாட்கணக்கில் போக வேண்டிய ஊர். வீட்டில் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மில்லுல வேலைக்குப் பேரு வந்துருச்சுங்க தம்பி. உட்டா வேற ஆளு ஏறிருவாங்க" என்றார், மழை வந்தது என்பதைச் சொல்வதுபோல. "மத்த புள்ளைங்க போயிட்டு வந்து சொன்னாங்க. சன்னல்ல ஒரே கோதுமை வயலாம். காலைல வாயத் தொறந்தா பொகை வருமாம். மண்குவளைல டீயாம், குடிச்சுப்போட்டுத் தூக்கி எறிஞ்சர்லாமாம். நா நூலுக்கு ஒட்டுப் போட்டுட்டே கேட்டனுங்க."

வயதானவர்களுக்கான மாநிலப் போட்டி அந்த வருஷம் எங்கள் மைதானத்திலேயே நடப்பதாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் மூன்று பேர் தேசியப் போட்டிக்குப் போகலாம். அதுவும் வடக்கேதான். கோச்சு இதைச் சொன்ன அன்று அக்கா எந்தக் கதையும் சொல்லாமல் ஓடினார். கடிகாரம் கீச்கீச்சென்று கத்தியது. அதற்கும் பதில் சொல்லவில்லை.

"அடுத்த வருசம் பாத்துக்கலாமே, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கறே" என்றார் வீட்டுக்காரர், நல்ல எண்ணத்தோடுதான்.

"அடுத்த வருசம்ங்கறது எனக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து வந்துட்டேதான் இருக்குதுங்க" என்றார் அக்கா. வீட்டுக்காரர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்கு முன் ஒரு மாவட்டப் போட்டி இருந்தது. அதில்தான் அக்காவின் வியாதி கோச்சுக்குத் தெரியவந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். முதல் மூன்று சுற்றும் அழகாக ஓடிய அக்கா, கடைசிச் சுற்றில் ஒரு பொள்ளாச்சி அம்மாவின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். பின்னால் வந்த இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். முடிந்ததும் மூச்சுகூட அவ்வளவாக வாங்கவில்லை. கோச்சுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் ஆன்ட்டி ஸ்லோ ஆயிட்டீங்க? கால் பிடிச்சுதா?"

"இல்லீங்க கண்ணு. வழி கேட்டனுங்க. ரெண்டு தடவை கேட்டேன். அவிங்க காதுல உழுகலியாட்ட இருக்குது."

கோச்சு போனை எடுத்துப் பைக்குள் போட்டார். பிறகு, "ரேஸுல வழி கேட்டா யாராச்சும் குடுப்பாங்களா?" என்றார்.

"கேக்காமத் தாண்டுனா, பஸ்ஸுல இடிச்சுப்போட்டுப் போறாப்புல இருக்குதுங்க. அவிங்களும் பாவம், கஷ்டப்பட்டுத்தானே முன்னால வந்திருக்கறாங்க?"

பள்ளிக்கூடத்தில் எப்படித் தாண்டினாராம்? தாண்டியதே இல்லையாம். துப்பாக்கி வெடித்ததும் முன்னால் போய்விடுவார், கடைசிவரை முன்னாலேயே இருப்பார். இந்த வயதில் அது நடக்காது. முதலில் மெதுவாக ஓடி, கடைசியில் முடுக்கி, ஒவ்வொருவராகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் கோச்சின் திட்டம். அந்தத் திட்டத்தில் ‘ஏனுங்க’வுக்கு இடமில்லை.

எனவே ஒரு புதுப் பயிற்சி ஆரம்பமானது. எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது. என்னை முன்னால் ஓடச் சொன்னார் கோச்சு. "அண்ணா, நீங்க பாட்டுக்கு ஓடுங்க. ஆன்ட்டி பேசாம உங்களைத் தாண்டணும்." முதல் தடவை அக்கா கேட்டேவிட்டார். இரண்டாம் தடவை கேட்கவில்லை, தொண்டையைச் செருமினார். மூன்றாம் தடவை செருமவும் கூடாதென்று சொன்னதால் என் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தார். அடுத்த தடவை தாண்டினார். ஆனால் தாண்டி முன்னால் போனதும் திரும்பிப் பார்த்து, "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி" என்றார்.

கோட்டைமேட்டில் பூட்டுக்கடை வைத்திருந்த ஒரு பாய் தினமும் நடக்க வருவார். நான் கோடு போடப் போய்விட்ட ஒருநாள் கோச்சு அவரை முன்னால் நிறுத்தினார். பின்னால் அக்காவின் காலடி கேட்டதுமே பாய் புல்லில் இறங்கி, கையை விரித்து, "வாங்கம்மா, போங்கம்மா" என்று வழிவிட்டு நின்றார்.

"பாய், நீங்க ஒதுங்கக் கூடாது."

"பொம்பளைங்க வர்றாங்க, ஒதுங்காம எப்படிம்மா நிக்கறது?"

"ட்ராக்ல அப்படித்தான் நிக்கணும்."

"நான் நிக்கறேம்மா, ஆனா காலு நிக்க மாட்டேங்குது" என்றார் பாய். அடுத்த சுற்றிலும் இறங்கினார். அக்கா ஓடிக்கொண்டே கும்பிட்டார். கோச்சு விசிலைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

வழி பிறந்தது அந்தப் படுக்கையில்தான். எழுந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, நீங்க கேளுங்க. ஆனா மனசுக்குள்ள கேட்டுக்கங்க. சத்தமா வேண்டாம்" என்றார்.

அக்கா யோசித்தார். "மனசுக்குள்ள கேட்டா, அவிங்களும் மனசுக்குள்ளயே சரின்னு சொல்லிருவாங்களுங்களா?"

"கண்டிப்பாச் சொல்லிருவாங்க."

"அப்பச் சரிங்க."

அன்றிலிருந்து தாண்ட ஆரம்பித்தார். யாரையாவது நெருங்கினால் தலை ஒரு பக்கமாக லேசாகச் சாயும், கேட்கிற மாதிரி. உதடு மூடியே இருக்கும். ஒரு நொடிதான், பிறகு போய்விடுவார். என்னைத் தாண்டும்போதெல்லாம் எனக்குள்ளே நான் நிஜமாகவே சரிங்க என்று சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாநிலப் போட்டி அன்று வெயில் ஏறுவதற்கு முன்பே மைதானம் நிறைந்துவிட்டது. எழுபது வயதுக்காரர்கள் நீளம் தாண்டினார்கள். ஒரு தாத்தா குண்டு எறிந்துவிட்டுப் பேரனிடம் போய், போட்டோ எடுத்தாயா என்று கேட்டார். கடைசிச் சுற்று வந்ததும் மணி அடிக்கிற வேலை எனக்கு. அதனால் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. எந்தப் போட்டியையும் அவ்வளவு அருகில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பெண்கள் வரிசையில் சத்தியமங்கலத்திலிருந்து, எங்கள் பேச்சில் சத்தியிலிருந்து, வந்த ஒருவர் நெஞ்சு நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். மாடு வைத்திருப்பவர். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, பால் சொசைட்டிக்குப் போகிற ரோட்டில் ஓடிப் பழகினவர். அக்கா போய் ஊக்கு வாங்கிக் குத்திவிட்டார். "இப்புடிக் குதிங்க, தொடை சூடாவும்" என்று கோச்சு கற்றுத் தந்ததையெல்லாம் கொட்டினார். வயதும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு நிற்கவில்லை. வாங்க, போங்க, சொல்லுங்க, கேளுங்க. கடைசியில் துப்பாக்கிக்காரர் வந்து, "அம்மா, ஓடலாமா?" என்று கேட்க வேண்டியதாயிற்று.

ஆரம்பத்திலேயே இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்கள். ஒருவர் போலீசில் இருந்தவர், இன்னொருவர் உடற்கல்வி ஆசிரியை. அவர்களைப் பிடிக்கிற ஆள் அந்த மைதானத்தில் இல்லை. மிச்சம் இருந்தது மூன்றாம் இடம் ஒன்றுதான். நான் மணி அடித்தபோது அக்கா ஆறாவதாக இருந்தார். கோச்சு வேலியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப, ஆன்ட்டி, இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தமாகக்கூட இல்லை.

எதிர்ப்பக்கத்து நேர்கோட்டில் அக்காவின் தலை சாய்ந்ததைப் பார்த்தேன். ஒருவரைத் தாண்டினார். மறுபடி சாய்ந்தது. இன்னொருவர். வளைவு ஆரம்பிக்கிற இடத்தில் சத்திக்காரருக்குப் பின்னால் வந்தார். தலை சாய்ந்தது, அவரையும் தாண்டினார். மூன்றாவது. படிக்கட்டில் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

வளைவு முடிந்து நேர்கோட்டுக்கு வரும்போது அது நடந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று வலதுபக்கம் ஒதுங்கினார். உள்கோட்டில் வழி திறந்தது. அதில் சத்திக்காரர் புகுந்து முன்னால் போய்விட்டார். கோச்சு தலையில் கை வைத்துக்கொண்டார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதை இருவர் வாயாலும் பிறகுதான் கேட்டேன். சத்திக்காரர் பின்னாலிருந்து, "ஏனுங்கக்கா, கொஞ்சம் வழி உடுங்க" என்றிருக்கிறார். அக்கா, "வாங்க, வாங்க" என்று சொல்லி ஒதுங்கியிருக்கிறார். வழி கேட்காமல் இருக்கத்தான் கோச்சு பழக்கியிருந்தார். கேட்டால் கொடுக்காமல் இருக்கப் பழக்க யாருக்கும் தோன்றவில்லை.

என்ன செய்துவிட்டோம் என்பது அக்காவுக்கு ஐந்தாறு எட்டு கழித்துத்தான் உறைத்தது. முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்போது அவர் வாயிலிருந்து வந்த சத்தம் படிக்கட்டுவரைக்கும் கேட்டது.

"அடியே, நில்லுடி. கேட்டா உடனே குடுத்துருவனாடி நானு. நில்லுடீங்கறேன்."

அந்த அக்கா வாயில் ‘ங்க’ போய் ‘டி’ வந்து நான் கேட்டது அப்போதுதான். வீட்டுக்காரரும் கேட்டதில்லை போலிருக்கிறது, பிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. அக்கா பாவாடை கட்டிய பள்ளிக்கூடப் பெண்ணைப் போலக் கையை வீசிக்கொண்டு வந்தார். தலை சாயவில்லை. நான் போட்ட கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் சத்திக்காரரைத் தாண்டி, நெஞ்சால் நாடாவைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு, இல்லாத நாடாவைத் தள்ளி, என் நாற்காலியில் வந்து மோதினார். மூன்றாவது.

கோச்சு ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதார். அக்கா அவரைத் தட்டிக்கொடுத்து விலக்கிவிட்டு, புல்லில் விழுந்து கிடந்த சத்திக்காரரிடம் போய் உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க. வாய் தவறி ‘டி’ போட்டுப்போட்டனுங்க. பெத்த மகளைக்கூட அப்புடிக் கூப்புட்டதில்லீங்க. சாமி சத்தியமா."

சத்திக்காரர் மல்லாந்தபடியே சிரித்தார். "பரவால்லீங்க. எங்கம்மா போனதுல இருந்து என்னைய ‘டி’ போட்டுக் கூப்புட ஒரு ஆளில்லீங்க. பொறகால நில்லுடின்னு சத்தங் கேட்டுச்சா, யாரோ ஊட்டாளுங்கதான் கூப்புடறாங்கன்னு ஒரு எட்டு நின்னே போட்டேன்."

அக்காவின் முகம் விழுந்தது. "அப்ப நா செயிச்சது செயிப்பே இல்லீங்களே."

"நா கேட்டு வாங்குனது மட்டும் ஓட்டமுங்களா? சும்மா இருங்க."

இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், எத்தனை மாடு, கோபியில் யார் சொந்தம் என்று ஆரம்பித்தார்கள். சத்திக்காரரின் அத்தை மகன் சிங்காநல்லூரில்தான் இருக்கிறான் என்று தெரிந்தது. அக்கா ரயிலைப் பற்றியும் மண்குவளை டீயைப் பற்றியும் சொன்னார். சத்திக்காரர் ஒரு கையால் புல்லைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார். மைக்கில் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். காதில் விழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கோச்சு மேடைக்குப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். அப்போதும் அக்கா, அந்த வயலெல்லாம் எந்த மாதத்தில் பச்சையாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சத்திக்காரர் அக்காவின் முதுகில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

"அங்க கூப்புடறாங்க பாரு. போடி."